ஏழு பேண்ட்

“அப்பா, இங்கிலீஷ் பேசறவங்க தும்மும்போதும் இங்கிலீஷ்லதான் தும்முவாங்களா?”

தையல்காரரின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. “நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு கண்ணு” என்றார் அவர்.

இப்போது நிஜமாகவே போகும் வேளை வந்துவிட்டது. கடல் தாண்டிய பல்கலைக்கழகம் ஒன்று இடம் தரத் தயார். ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேறிக் காட்ட வேண்டும். இரண்டு தேர்வுகள் உண்டு; எதை எழுதினாலும் சரி. ஒன்றில் எதிரே ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்பார். மற்றதில் கம்ப்யூட்டரிடம் பேசினால் போதும். புது முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர்தான் என்று முடிவு செய்தாள்.

கடையில் உட்கார்ந்து தோழியிடம் போனில் சொன்னாள்: “ஆளைப் பார்த்துப் பேசற பரீட்சைல ஏழு பேண்ட் வேணுமாம்டி. நான் அந்தப் பக்கமே போகல.”

மறுநாள் வெட்டுமேசை நிறையக் கருநீலத் துணி.

“யாருக்குப்பா?”

“உனக்குத்தான். ஏழு பேண்ட் கேக்குறாங்களாமே! குளிர் ஊரு, கேக்கத்தான் செய்வாங்க.”

“ஐயோ அப்பா, அது…”

“தெருவே பேசுதுண்ணே!” என்று வாசலில் இஸ்திரிக்காரரின் குரல் கேட்டது. “ஊருக்குத் தைச்ச கை இப்ப யுனிவர்சிட்டிக்கே தைக்குதாமே!”

அப்பாவின் முகம் பூரித்துக் கிடந்தது. பேண்ட் என்பது அந்தத் தேர்வின் மதிப்பெண் என்று எந்த வாயால் சொல்வாள்?

“ஏழு எதுக்குப்பா? ஆறரை இருந்தாக்கூடப் போதுமாம்.”

அவர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யோசித்தார். “அப்ப ஆறு முழுசு, ஒண்ணு அரை டவுசர்.”

கடை மூலையில் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

கம்ப்யூட்டர் தேர்வில் பேண்டே கிடையாது. அதை எழுதினால் ஏழு பேண்ட் கேட்டதே பொய்யாகி, அப்பாவைத் தெருவே கேலி பேசும். சாமி படத்தின் முன் கண்ணை மூடி நின்றாள். பிறகு போய், ஆள் கேட்கும் தேர்வுக்கே பெயர் கொடுத்தாள்.

பித்தான் வைக்க வந்தவர், கிழிசல் தைக்க வந்தவர் எல்லாரிடமும் இங்கிலீஷில் பேசிப் பழகினாள். இரண்டு வாடிக்கையாளர்கள் அடுத்த தெருக் கடைக்கு ஓடிப்போனார்கள்.

தேர்வில் எதிரே இருந்த அம்மாள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அவள் பேண்ட் கதையைச் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏழரை வந்துடுச்சுப்பா!” என்று முடிவு வந்த அன்று கடைக்குள் ஓடி வந்தாள்.

“ஏழரையா! யாருக்கும்மா நேரம் சரியில்ல?” என்று பதறினார் இஸ்திரிக்காரர்.

அப்பா டேப்பைக் கையில் எடுத்தார். “அப்ப இன்னும் ஒரு முழு பேண்ட் தைக்கணும்.”

கிளம்பும் நாள். கடையில் பெட்டியை அடுக்கும்போது அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. அப்பாவுக்குப் பட்ட கடனில் ஒரு நூலளவாவது, யாருக்கும் தெரியாமல் தீர்த்தாயிற்று.

கடைசிப் பித்தானைத் தைத்துக்கொண்டே அக்கா மெல்லச் சொன்னாள்:

“பேண்ட்னா மார்க்குன்னு உங்கப்பாவுக்கு முதல் நாளே தெரியும் பாப்பா. ‘நான் தைச்சு வச்சாத்தான் அவ ஆளைப் பார்த்துப் பேசுவா; அங்க போய்க் கம்ப்யூட்டர்கிட்டயா காய்கறி வாங்கப் போறா?’ன்னாரு.”