டிஸ்க்கைச் செருகவும்

“டிஸ்க்கைச் செருகவும்” என்றது லேப்டாப் திரை.

“செருகித்தானே இருக்கேன்” என்றாள் அவள்.

லேப்டாப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவ் ஒருமுறை முனகியது. விர்ரென்று சுற்றப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டு அடங்கியது. திரையில் மறுபடியும் அதே வாசகம், பிடிவாதக்கார வாத்தியார் போல.

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாமியார் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தெருமுனைப் பூங்காவுக்குப் போய், நடப்பவர்களைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். அதற்குப் பெயர் நடைப்பயிற்சி. லேப்டாப் இருப்பது மாமியாரின் அறையில். அதன் பேட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. ஒழுங்காக வேலை செய்யும் பிளக் இருப்பதும் அந்த அறையில்தான். ஆகவே இந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குக் கிடைத்த தனிமை.

சாயங்காலம் கணவன் கூப்பிடுவான். அதற்குள் அந்த டிஸ்க்கைப் பார்த்தே ஆகவேண்டும்.

அவன் நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் கிரேன் ஓட்டுகிறான். அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று அவள் கேட்டாள். கிளம்பும் நாள்வரை வேறு எதுவும் கேட்கவில்லை. பேசவும் இல்லை. வாசலில் பெட்டியோடு நின்றபோது அவன் ஒரு டிஸ்க்கை நீட்டினான்.

“கோபம் போனப்புறம் போட்டுப் பாரு.”

அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போய், அலமாரியில் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டாள். பார்த்தால், கோபம் போய்விட்டது என்று ஆகிவிடும். அவன் ஏறிய கார் தெருமுனையில் திரும்புவதற்குள் கோபம் போய்விட்டது என்பது வேறு விஷயம். அதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லையே.

மாதங்கள் ஓடின. கட்டிலில் அவன் படுக்கும் பக்கத்தில் இப்போது அவள்தான் படுக்கிறாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே யாராவது தும்மினால் போதும், லென்ஸ் துடைக்கிற கை ஒரு கணம் நின்றுவிடும். முக்கியமான விஷயம் எதையாவது பேச வேண்டுமென்றால் அவனுக்கு முதலில் தும்மல்தான் வரும். கல்யாணம் பண்ணிக்கிறியா என்று கேட்பதற்கு முன்னால் அவன் தும்மிய தும்மலில் அவள் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டவன் அவன்.

கடலிலிருந்து போன் வருவது அபூர்வம். வந்தாலும் கொஞ்ச நேரம்தான், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பேச்சும் சேர்ந்தே கேட்கும். போன ஞாயிறு அவன் கேட்டான், “அந்த டிஸ்க்குல உன்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தேனே, பதிலே சொல்லல?”

‘நான் இன்னும் பாக்கவே இல்ல’ என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

“பாத்தேன். யோசிச்சுச் சொல்றேன்.”

“சரி. அடுத்த ஞாயிறு சொல்லிடு. திங்கட்கிழமை நான் இங்க கையெழுத்து போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.”

அவ்வளவுதான், லைன் போய்விட்டது. எதற்குக் கையெழுத்து? எதற்கு வேண்டாம்? அதெல்லாம் அந்த டிஸ்க்குக்குத்தான் தெரியும்.

அவள் டிரைவின் தட்டை வெளியே தள்ளி, டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பளபளப்பின் நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கோடு அழகாகப் பதிந்திருந்தது.

அவன் விரல்.

துடைத்தால்தான் டிரைவ் படிக்கும். துடைத்துவிட்டால் அவன் விரல் போய்விடும். அந்த ரேகைமேல் தன் கட்டைவிரலை லேசாக வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்த ஆளுக்கு இவ்வளவு சின்ன விரலா என்று வியந்தாள். கிட்ட இல்லாதவர்களின் விரல் அளவுகூட மறந்துபோகிறது. மாமியாரின் முழங்கால் தைல வாசனை வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவிலும் அந்த வாசனைதான்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு துடைத்தாள். செருகினாள்.

“டிஸ்க்கைச் செருகவும்.”

அப்போதுதான் அவளுக்குள் இருந்த தொழில்காரி விழித்துக்கொண்டாள். தட்டின் நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு லென்ஸ் இருந்தது. லென்ஸ் என்றால் அவளிடம் விடவேண்டியதுதானே. ஊரில் பாதிப் பேருடைய பார்வையைத் துலக்கியவள் அவள். கைப்பையிலிருந்து கடை ஸ்பிரேயை எடுத்து இரண்டு அடி அடித்தாள். துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, வாடிக்கையாளர் கண்ணாடியைத் துடைக்கிற அதே அழுத்தத்தில், அதே வட்டத்தில், ஒரு தேய் தேய்த்தாள்.

மூக்குக்கண்ணாடியின் லென்ஸ் சட்டத்தில் இறுகி இருக்கும். இது தலைமுடி போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விரலுக்கு மரியாதை கொடுத்து, ‘டக்’கென்று உள்ளே அமுங்கியது.

டிஸ்க்கை மாட்டித் தட்டை மூடினாள். டிரைவ் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் தட்டு திறக்கவே இல்லை.

“என்ன பண்ற?”

அறை வாசலில் மாமியார்.

“ஒண்ணுமில்ல அத்தை. ஆபீஸ் வேலை.”

“கண்ணாடிக் கடைக்கு ஏது ஆபீஸ் வேலை?” அத்தையின் பார்வை கட்டில்மேல் கிடந்த, டிஸ்க் இருந்த வெள்ளை உறையில் நின்றது. “அது என்னது?”

“உங்க பிள்ளை குடுத்துட்டுப் போன டிஸ்க். ஏதோ பேசியிருக்காராம்.”

“அவன் என்ன பெரிசா பேசியிருக்கப் போறான். நேர்ல பேசினாலே கேட்டு முடியாது” என்றார் அத்தை. மகனைப் பற்றி அவர் இப்படித்தான் பேசுவார். யாராவது விசாரித்தால் “எங்கயாவது இருப்பான்” என்பார். மத்தியானமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். பெற்றவளுக்கு இப்படி ஒரு மனசா என்று அவள் பல நாள் நினைத்ததுண்டு.

“தட்டு மாட்டிக்கிச்சு அத்தை. டிஸ்க் உள்ளயே இருக்கு.”

“உள்ளயேவா?” அத்தை முழங்கால் வலியை மறந்து இரண்டே எட்டில் பக்கத்தில் வந்துவிட்டார். “என்ன பண்ணித் தொலைச்ச? ஆள வரச் சொல்லு.”

ஆள் என்றால் ‘மிச்சம்’. அடுத்த சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். எதைப் பிரித்து மூடினாலும் கடைசியில் அவர் கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் நிற்கும். தெரு வைத்த அந்தப் பெயருக்கு அவரே திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டார்.

மிச்சம் வந்தார். லேப்டாப்பைத் தூக்கிக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அரைகுறையாகத் திறந்து உள்ளே ஊதினார். அவர் ஊதியதில் அவருக்கே இருமல் வந்தது.

“பக்கத்துல ஒரு ஓட்டை இருக்குல்லக்கா, அதுல மெல்லிசா எதையாவது விட்டா தட்டு வெளிய வரும். ஊக்கு இருக்கா?”

அவள் ஊக்கு தேட எழுவதற்குள் அத்தை தலையணைக்கு அடியில் கை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அது ஏற்கெனவே நேராக நிமிர்த்தப்பட்டிருந்தது.

“இது சரியா இருக்குமான்னு பாருங்க தம்பி.”

“அளவெடுத்த மாதிரி இருக்கும்மா” என்றார் மிச்சம்.

அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கண் கடிகாரத்தின் மேல் இருந்தது.

தட்டு ஒரு விரற்கடை வந்து நின்றது. மிச்சம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். “லென்ஸ் போச்சுக்கா. ஒரேயடியா ஓட்டியிருக்கீங்க.”

“ஓட்டினேனா? வாங்கினதுல இருந்து இந்த டிரைவ நாங்க தொட்டதே இல்ல.”

“இல்லக்கா, நல்லா தேஞ்சிருக்கு.”

“தொடாமலே எப்படித் தேயும்?”

“அப்ப சும்மா இருந்தே போயிருக்கும். மனுஷனுக்கே அப்படி ஆகுது.”

“இப்ப அந்த ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு?” என்று அத்தை குறுக்கே வந்தார். “டிஸ்க்கை எடுக்கிற வழியப் பாருங்க.”

“எடுத்துட்டா போதும், என்கிட்ட வேற டிரைவ் இருக்கு, அதுல போட்டுப் பாத்துடலாம்” என்ற மிச்சம், பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நுழைத்தார்.

“பாத்து” என்றாள் அவள்.

“பாத்து” என்றார் அத்தை.

“பாத்துட்டுத்தான் இருக்கேன்” என்று மிச்சம் நெம்பினார்.

பளக்.

மிச்சம் மெதுவாக ஒரு பாதியை வெளியே எடுத்தார். அப்புறம் இன்னொரு பாதி.

“ஒட்டினா ஓடாதா தம்பி?” என்று அத்தை கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற குரல் அது.

“ஓடாதும்மா.”

அத்தை அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மிச்சம் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மூடினார். உள்ளங்கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, “நான் அப்புறம் வரேன்க்கா” என்று நழுவினார்.

அவள் இரண்டு பாதிகளையும் மடியில் வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். விளிம்பு சரியாகப் பொருந்தியது. அது மட்டும் பொருந்தி என்ன? இத்தனை மாதம் போர்வைக்கு அடியில் அவன் பேசக் காத்திருந்தான். கையெட்டும் தூரத்தில். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எடுத்துப் போட்டிருந்தால் அவன் முகம், அவன் குரல், கேட்கத் தயங்கிய கேள்வி எல்லாம் கிடைத்திருக்கும். வீம்பைப் போர்த்திக்கொண்டு படுத்தாளே, அது குளிருக்கு ஆயிற்றா?

“சாப்பிடவாவது வா” என்றார் அத்தை.

“பசிக்கல.”

“எனக்கும்தான்” என்றார் அத்தை. ஆனாலும் இருவரும் ஏதோ கொறித்தார்கள். அன்றைக்கு மத்தியானம் அத்தை கதவைச் சாத்தவில்லை. தூங்கவும் இல்லை. அணைந்து கிடந்த லேப்டாப் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் துக்கத்தில் பங்கு கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அவளுக்கு முதல்முறையாக மாமியார்மேல் ஒரு பிரியம் வந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் போன் அடித்தது.

“எப்படி இருக்க?” கடல் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்.

“ம். சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். பின்னால பெரிய வரிசை நிக்குது. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.” பிறகு, அத்தனை தூரத்துக்கு அப்பாலிருந்து, காதே அடைக்கிற மாதிரி ஒரு தும்மல்.

அவள் கை தன்னை மறந்து கைக்குட்டையைத் தேடியது.

“டிஸ்க்குல கேட்டதுக்கு என்ன சொல்ற? எதுவா இருந்தாலும் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்.”

இனி மறைத்துப் பயனில்லை. தப்பாக ஒரு ‘சரி’ சொல்லி அவன் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்துவிட்டால்? தப்பாக ஒரு ‘வேண்டாம்’ சொல்லி அவன் வராமலே போய்விட்டால்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள்.

“என்னங்க, அந்த டிஸ்க்க நான் வந்து...”

பின்னால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“‘வந்துடுங்க’ன்னு சொல்லுடி. டிஸ்க்குல தும்மி முடிச்சதும், ‘இந்தத் தடவை உன்னைக் கேக்காம கையெழுத்து போட்டுட்டேன், அடுத்த தடவை நீ சொல்றதுதான், வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா’ன்னுதான் தினமும் மத்தியானம் கேக்கிறான்.”