பார்சிப்பனி தப்பெண்ண ஒழிப்புக் குழு

தப்பெண்ணம் என்னும் பேயை விரட்டப் பாடுபட்டவர்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் பஜ்ஜி, காபியுடன், முறைப்படி தீர்மானம் போட்டு, ஒரே மாதத்தில் அதை ஒழித்தவர்கள் நியூஜெர்ஸி மாநிலம் பார்சிப்பனியில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் மட்டுமே. குழுவின் செயலாளராகிய நான் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

1983. எய்ட்ஸ் என்று ஒரு புது நோய் வந்து, ஹைட்டிக்காரர்கள்தான் அதைப் பரப்புகிறார்கள் என்று ஊரே பீதியில் இருந்த வருஷம். ஹைட்டி என்ற அந்தக் கறுப்பர் தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இவ்ரோஸ் என்ற ஹைட்டிப் பெண்மணி நடத்திய டேகேர் என்னும் குழந்தைகள் காப்பகத்தில்தான் வளர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு சனிக்கிழமை டாக்டர் கிருபைராஜ் பாதி வெட்டிய தலையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"பார்பர் நடுவுல நிறுத்திட்டான் சார். 'ஆர் யூ ஹெய்ஷன்?'னு கேட்டான். இந்தியான்னு சொன்னேன், நம்பலை. கத்திரியைக் கீழ வெச்சுட்டுக் கையைக் கழுவப் போயிட்டான்."

"அநியாயம்" என்றேன்.

"ஒரு ஜனத்தைப் பத்தி இப்படியா தப்பா நெனைக்கறது? உடனே ஒரு கமிட்டி ஃபார்ம் பண்ணணும்."

நெகிழ்ந்து போனேன். அதுவரை அவர் அக்கறை காட்டிய ஒரே ஜீவன் அவருடைய புல்வெளி.

'ஹைட்டி மக்கள் மீதான தப்பெண்ண ஒழிப்புக் குழு' அன்று மாலையே டாக்டர் வீட்டில் உதயமாயிற்று. டாக்டர் தலைவர். யாழ்ப்பாணத்துத் தர்மராசா பொருளாளர். 'ஹைட்டி மக்களும் நம்மைப் போல மனிதர்களே' என்பது முதல் தீர்மானம். தர்மராசா உடனே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"'நம்மைப் போல' எண்டதை எடுத்துவிடுங்கோ. வாசிக்கிற வெள்ளைக்காரன் ரெண்டு பேரும் ஒண்டெண்டு நினைச்சுப் போடுவான்."

திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. பஜ்ஜித் தட்டோடு வந்த டாக்டரின் மனைவி யூனிஸ், "ஏங்க, அப்போ மண்டேலேருந்து பசங்களை டேகேர்ல டிராப் பண்ணலாமா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன அவசரம்? தப்பெண்ணம் முழுசா ஒழியட்டும். அதுவரைக்கும் நீ லீவ் போடு."

ஆம். குழு பிறந்த வாரத்தில் உறுப்பினர் அனைவரும் பிள்ளைகளை அங்கிருந்து நிறுத்தியிருந்தோம். கொள்கை வேறு, பிள்ளை வேறு.

மூன்றாம் கூட்டத்துக்கு இவ்ரோஸே வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பூசணிக்காய் சூப். பிள்ளைகள் வராததால் கட்டட உரிமையாளர் டோனவன் அவருக்கு நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இடத்தைக் காலி செய்யச் சொல்கிறாராம். "உங்கள் பிள்ளைகள் இரண்டு வருஷம் என்னிடம் நன்றாக இருந்தார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வேறு பிழைப்பு இல்லை" என்றார்.

வருவதாக வாக்களித்தோம். சூப்பைக் குடிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. டாக்டருக்கு உபவாச ஜெபம். தர்மராசாவுக்குச் சனி விரதம். எனக்கு அந்த நிமிஷமே வயிறு சரியில்லை. இவ்ரோஸ் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மூவரும் கோட்டு சூட்டில் டோனவன் ஆபீஸில் ஆஜரானோம். இவ்ரோஸ் எங்கள் பக்கத்திலேயே நின்றார். டாக்டர் தொண்டையைக் கனைத்தார். டோனவன் இவ்ரோஸின் முகத்தைப் பார்த்தார், பிறகு டாக்டரின் முகத்தை.

"நீங்களும் ஹைட்டிதானா?"

"நோ நோ, இந்தியா" என்றார் டாக்டர், ஓர் அடி நகர்ந்து.

"சிலோன்" என்றார் தர்மராசா, இரண்டு அடி நகர்ந்து.

நான் பாஸ்போர்ட்டையே எடுத்து நீட்டினேன். இப்படி அவசரத்துக்கு உதவும் என்றுதான் கொண்டுபோயிருந்தேன்.

"அப்படியானால் இந்தப் பெண்மணியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அவ்வளவா பழக்கம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் மகளுக்கு நடக்கப் பழக்கியது இவ்ரோஸ்தான்.

இவ்ரோஸ் எங்கள் மூவரையும் பார்த்தார். "பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மாதக் கடைசியில் டேகேர் மூடப்பட்டது. அவர் எந்த ஊருக்குப் போனார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

எங்கள் கண்ணியத்தில் மகிழ்ந்த டோனவன், காலியான அந்த இடத்தையே எங்கள் குழுவுக்கு வாடகைக்குக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் தவழ்ந்த தரைதான். ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டு பிளீச் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குத்துவிளக்கு ஏற்றினோம்.

திறப்பு விழாவில் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். முடிக்கும்போது ஹைட்டிக்காரர்களுக்கென்று போட்ட காலி நாற்காலிகளைக் கை காட்டினார்.

"இவ்வளவு செஞ்சும் ஒரு ஹைட்டிக்காரர்கூட வரலை பாருங்க. அவங்களுக்கு நம்ம மேல ஏன்தான் இப்படி ஒரு தப்பெண்ணமோ."

சபை உச்சுக்கொட்டியது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. அவர்கள் எங்களைப் பற்றி நினைத்ததில் தப்பே இல்லை.