ஷட்டர் நிற்குமா என்பது குறித்த ஆய்வு

ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தபோது, அது சுடுமா என்று ஆராய நிதி கொடுக்க ஓர் அலுவலகம் இல்லாமல் போனது மனித குலத்தின் பெருந்துரதிர்ஷ்டம். அவன் பாட்டுக்கு அவசரப்பட்டுக் குளிர் காய்ந்துவிட்டான். இனி அப்படியொரு முறைகேடு நடக்கக் கூடாதென்றுதான் அரசு 'புத்தாக்கச் சாத்தியக்கூறு ஆய்வு நிதியுதவி அலுவலக'த்தைத் திறந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதனால் வருகிறவர்களுக்கு நல்ல மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார் வெல்டிங் பட்டறைக்காரர். கடை ஷட்டர் கைநழுவி விழுந்தால், பாதியிலேயே கவ்வி நிறுத்தும் கொக்கி ஒன்றைச் செய்திருந்தார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த மச்சினன், ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டரிடமிருந்து மயிரிழையில் தப்பியதைப் பார்த்துப் பதறிப்போய்ச் செய்தது. எல்லாக் கடைகளுக்கும் அதைச் செய்துதர ஆசை. கையில்தான் வசதி இல்லை.

"இது வேலை செய்யுமா?" என்றார் திட்ட அலுவலர்.

"ஜோரா செய்யுது சார். மச்சினன் கடையில மாட்டியிருக்கேன், வந்து பாருங்க."

அலுவலரின் முகம் வாடிவிட்டது. "செய்யுதா? அப்ப நாங்க எதை ஆராயறது?"

"ஆராய வேணாம் சார். நாலு கடைக்குச் செஞ்சு மாட்டினா..."

"அது வியாபாரம். நாங்க நிதி கொடுக்கறது சந்தேகத்துக்கு. உங்ககிட்ட சந்தேகமே இல்லையே!" நோயே இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மனமிரங்கினார். "ஒண்ணு பண்ணுங்க. அதைக் கழட்டிடுங்க. எங்கயும் வேலை செய்யாம இருக்கணும். அப்புறம் வாங்க, 'புத்தாக்குநர்'னு கழுத்துல அட்டை மாட்டி உட்கார வைக்கிறேன்."

பட்டறைக்காரரை அதுவரை ஊரே "ஏம்ப்பா வெல்டிங்கு" என்றுதான் கூப்பிட்டு வந்தது. அட்டை என்றதும் மனுஷன் விழுந்துவிட்டார்.

"உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள் மனைவி. "நல்லா இருக்கறதைக் கழட்டிட்டு, நல்லா இருக்குமான்னு பாக்கப் போறீங்களா?"

"உனக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்ன தெரியும்?"

"மாமா, அதுவரைக்கும் ஷட்டர் விழுந்தா?" என்றான் மச்சினன்.

"கையை இழுத்துக்கடா. கொஞ்ச நாள்தானே."

ஆய்வு அமர்க்களமாகத் தொடங்கியது. நிபுணர்கள் வந்தார்கள், கடை வாசலில் படம் பிடித்தார்கள், ஷட்டர் கீழ்நோக்கியே விழுகிறது என்ற இடைக்கால முடிவை ஏகமனதாக எட்டினார்கள். மேல்நோக்கி விழ வாய்ப்புண்டா என்று ஒருவர் கேட்டதால் அதற்கென்று ஓர் உட்குழு அமைந்தது. புத்தாக்குநரும் அட்டை ஆட ஆடக் கைதட்டினார். ஒரே ஒரு தடவை மட்டும், கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க! ஆய்வு நடக்கும்போதே பிரச்சினையைத் தீர்த்துட்டா, ஆராயப் பிரச்சினைக்கு எங்க போறது?" என்றார் அலுவலர். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரரும் சிரித்து வைத்தார்.

அந்த வாரமே ஷட்டர் விழுந்தது. கீழ்நோக்கித்தான். மச்சினனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. செல்போனின் பொடி ஸ்க்ரூவைப் பிடித்துச் சோறு சம்பாதித்த விரல்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பட்டறைக்காரர் அவமானத்தில் குன்றிப்போய் நின்றார். மனைவி அவர் பக்கமே திரும்பவில்லை. அப்போது பூங்கொத்தோடு அலுவலர் நுழைந்தார்.

"வாழ்த்துகள்! கொக்கி இல்லாட்டி ஷட்டர் விழும்னு பாதி நிரூபணம் ஆயிடுச்சு!"

"பாதியா?"

"ஒரு தடவை விழுந்தா அது விபத்து சார். இன்னொரு தடவை விழுந்தாத்தான் ஆதாரம்."

பட்டறைக்காரர் கழுத்து அட்டையைப் பிய்த்து எறிந்தார். மச்சினன் கட்டுப்போட்ட கையை மெல்லத் தூக்கினான். அலுவலரை விட்டுவிட்டு மாமாவைத்தான் பார்த்தான்.

"மாமா, மிச்ச விரலையும் வைக்கவா?"

அலுவலர் நெகிழ்ந்துபோனார். பேனாவை எடுத்து, 'பொதுமக்கள் ஒத்துழைப்பு: மிக நன்று' என்று குறித்துக்கொண்டார்.