ஐந்து தீவுகளுக்கும் ஒரே வாசல்

அமிர்தநாதர் கோபத்தையும் ஒழுங்காகக் கொள்பவர். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் விடியுமுன் எழுந்து, சட்டையை அழுத்தி மினுக்கி அணிந்து, வானொலிச் செய்தியைக் கேட்டு அன்றைய முதற் கோபத்தைக் கொண்ட பின்னரே தேநீர் அருந்துவார். இரண்டாவது கோபம் பேருந்துக்குரியது. மூன்றாவதை அலுவலகத்துக்கென்று வைத்திருப்பார்.

அந்த வாரம் மூன்றாவது கோபம் ஏனைய இரண்டையும் முந்திக்கொண்டது.

ஐந்து சிறிய தீவு நாடுகள் ஒன்றுகூடித் தம் மக்களின் பிறப்புப் பதிவு, காணிப் பதிவு, சாரதி அனுமதி ஆகிய யாவற்றையும் இணையத்தில் ‘வாசல்’ என்னும் ஒரே தளத்தின் கீழ்க் கொண்டுவர எண்ணியிருந்தன. ஒரு தீவைப் புயல் வாரிக்கொண்டு போனாலும் அதன் பதிவுகள் மற்ற நான்கிலும் பிழைத்திருக்கும் என்பது நோக்கம். ஒரு தீவிலிருந்து மற்றதற்கு நேரே விமானம் இல்லாமையால், ரொறன்ரோவில் ஒரு விடுதி மண்டபத்திற் பிரதிநிதிகள் கூடினார்கள். அத்தீவுகளின் பெயர்களைக் கூறுவதற்கில்லை. எதை முதலிற் கூறுவது என்னும் வழக்கு இங்கேயும் எழும்.

வாசலைக் கட்டி விற்க முன்வந்த நிறுவனம் வினோதனுடையது. அதிற் கூட்ட ஒழுங்குகளைக் கவனிக்கும் அமிர்தநாதர் ஏழாண்டுகளாகத் தற்காலிக ஊழியர்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை அஞ்சு பேரும் சைன் பண்ணினால் நீங்கள் பேர்மனன்ட். பண்ணாட்டி கொன்றாக்ட் முடிஞ்சுது. என்னாலை ஒண்டும் ஏலாது. மேலிடத்து முடிவு" என்றான் வினோதன்.

"மேலிடம் ஆர் தம்பி?"

"நான்தான்."

அமிர்தநாதர் பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டினார்.

வாசலின் முதற் பக்கத்தில் ஐந்து கொடிகளையும் வைப்பதிற் சிக்கல் தொடங்கிற்று. அவர் அகர வரிசையில் வைத்தார். கடைசியாக நின்ற நாட்டின் அம்மையார், "எங்களை வாலென்று கருதுகிறீர்களா?" என்று கேட்டார். வரிசையை வட்டமாக்கினார். வட்டத்தின் உச்சியில் யார் என்று நால்வர் கேட்டார்கள். வட்டத்தைச் சுழலவிட்டார். சுழன்றபோது மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவருடைய கொடி தலைகீழாயிற்று. அவமதிப்புக்குப் பரிகாரமாக அவருடைய தேசிய கீதத்தை ஒலிக்கச் செய்தார். தங்கள் கீதங்களும் ஒலித்தாலன்றி எழுந்து நிற்கமாட்டோம் என்று மற்ற நால்வரும் நாற்காலிகளைப் பற்றிக்கொண்டார்கள். அன்று பிற்பகல் முழுவதும் நிற்பதும் இருப்பதுமாகவே கழிந்தது.

"கடலுக்குள்ளை ஒரு கைப்பிடி மண். அதுக்குள்ளை உவைக்கு இவ்வளவு கெப்பர்" என்று வீட்டுக்கு வந்து பொருமினார்.

"உங்கடை ஊர் நெடுந்தீவு என்ன, கண்டமோ?" என்றாள் மனைவி றீற்றா. "உங்கடை ஊர்ச் சங்கத்திலை விளக்கை ஆர் முதல் ஏத்திறதெண்டு ரெண்டு வருசம் விழா நிண்டது மறந்துபோச்சே?"

அமிர்தநாதர் நிமிர்ந்தார். அந்த வழக்கைத் தீர்த்தது ஐந்துமுகக் குத்துவிளக்கு. ஐவர் ஒரே நொடியில் ஏற்றினர், முதலுமில்லை, கடைசியுமில்லை. தீவாரைத் தீவானன்றி வேறெவர் அறிவார்?

வெள்ளிக்கிழமை, சங்கத்திடம் இரவல் வாங்கிய விளக்கை மண்டபத்தின் நடுவே நிறுத்தினார். ஐவரும் ஒருங்கே ஏற்றினார்கள். வினோதன் கைதட்டினான். அமிர்தநாதர் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார்.

அப்போது மூக்குக்கண்ணாடிக்காரர், தமது சுடர் சிறிது குட்டையாக இருப்பதாகக் கூறித் திரியை வெளியே இழுத்தார். அம்மையார் தமது திரியை அதனினும் நீளமாக இழுத்தார். மற்ற மூவரும் சும்மா இருப்பார்களா? ஐந்து திரிகளும் பந்தங்களாகிப் புகை கூரையை முட்டியது. எச்சரிக்கை மணி அலறிற்று. விடுதி முழுவதும் குளிரில் வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கியது. ஒப்பந்தம் கையொப்பமின்றி அமிர்தநாதரின் கக்கத்தில் இருந்தது.

பிரதிநிதிகள் தங்களை ஏற்றி இறக்கும் வான் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். வானின் சாரதியான, பிறம்ரன் நகரத்துக் கிளடிஸ் வெளியே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஐவரும் ஒரே பொதியில் உருளைக்கிழங்குப் பொரியலைப் பங்கிட்டுத் தின்று, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"பாத்தியே பிள்ளை. என்ரை ஏழு வருசத்தைக் கரியாக்கிப்போட்டுச் சிரிக்கினம். உதுகள் ஒற்றுமைப்பட்டு உருப்படுமே?"

"அண்ணைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றாள் கிளடிஸ். "இண்டைக்குக் குழப்புற முறை கண்ணாடிக்காரற்றை. நேற்று அந்த அம்மாவின்ரை."

"முறையோ?"

"ஆர் ஆர் கோவிக்கிறதெண்டு காலமை வானுக்குள்ளை பேசி முடிச்சிட்டுத்தான் இறங்குவினம். தங்களுக்கிடையிலை ஒரு நாளும் வாய்த்தர்க்கம் வந்ததில்லை. அப்பிடியொரு ஒற்றுமையை நான் எங்கடை ஆக்களிட்டைக் காணேல்லை."

"அப்ப கையெழுத்து வைக்கிறதுக்கு என்ன?"

"உதவிப் பணம் தாறவை, வினோதன் தம்பியிட்டை வாசலை வாங்கினால்தான் மிச்ச உதவியும் எண்டு நிக்கினமாம். நேரை மறுத்தால் அவையின்ரை ஆசுப்பத்திரிக் காசும் நிண்டிடும். அதுதான் சண்டை பிடிச்சு நாளை இழுக்கினம்."

"புயல் வந்தால் உவையின்ரை சனத்தின்ரை பதிவுகள்?"

கிளடிஸ் வானின் கண்ணாடியிற் படிந்த பனியைத் துடைத்தாள்.

"அவையின்ரை வாசலைப் போன வருசமே தாங்களாக் கட்டி முடிச்சிட்டினம், அண்ணை. நல்லா ஓடுது."

அமிர்தநாதருக்குக் கோபம் தணியவில்லை. அது முகவரியை மாற்றிக்கொண்டது. ஏழாண்டுகளில் ஆறுமுறை கேட்ட 'பேர்மனன்ட்' என்ற சொல்லும், ஒருவருக்கும் வேண்டாத வாசலுக்கு இரவல் விளக்கோடு தாம் காவல் நின்றதும் நெஞ்சில் ஏறின.

வினோதன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அங்கிள், திங்கக்கிழமை இன்னொரு மீற்றிங் போடுறன். உங்கடை கொன்றாக்டையும் ஒரு கிழமை நீட்டிறன். எப்பிடியாவது உவையைச் சமாதானப்படுத்துங்கோ. பேர்மனன்ட் எண்டது சொன்ன சொல்லுத்தான்."

அமிர்தநாதர் வானை ஒருமுறை பார்த்தார். ஒப்பந்தத்தை அவன் கையிற் கொடுத்தார்.

"திங்கக்கிழமை வாறன், தம்பி. ஆனால் நான் ஒருத்தரையும் சமாதானப்படுத்தமாட்டன். அண்டைக்குக் கோவிக்கிற முறை என்ரை."