காப்புரிமைக் காவலர் பக்தவச்சலம்

ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் அழியாமல் இருக்குமா? பக்தவச்சலத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரபறிவுக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. நம் மஞ்சளையும் வேம்பையும் வெளிநாட்டான் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான் என்று ஆரம்பித்து, டீ வருவதற்குள் தேசத்தை ஒருமுறை மீட்டுவிடுவார்கள். திருவொற்றியூரில் ஒரு கல்லூரியின் அறிவுசார் சொத்துரிமைக் கல்வி மையத்தை நடத்தும் பக்தவச்சலம் அந்த இனத்தில் முதல் தரம். பதிப்புரிமை பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு போட்டு, மேலே 'பதிப்புரிமையை மதிப்போம்' என்று அச்சடித்து மாணவர்களுக்கு வழங்கியவர். கேட்டால், கல்விக்காக என்பார்.

இவர் கையில்தான் எண்ணூர் ரூத் மாட்டினார்.

ரூத் ஆற்றில் இறால் பிடிப்பவர். கழிமுகத்தில் ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் படர்ந்து வலையெல்லாம் தார் பூசியதுபோல் ஆனபோது, பஜ்ஜிக் கடையில் மிஞ்சிய எண்ணெயில் வலையை ஊறப்போட்டு, மரத்தூள் தூவித் தேய்த்து, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினார். கறை போய்விட்டது. விஷயம் பக்தவச்சலத்துக்கு எட்டியது, படிவத்தோடு வந்தார்.

"சொல்லுங்கம்மா, எத்தனை தலைமுறையா இது உங்க குடும்பத்துல இருக்கு?"

"இன்னா தலைமுறை சார்? போன டிசம்பர்லேர்ந்து கீது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஆத்துல எண்ணெய் இல்லியே."

பக்தவச்சலம் கொஞ்சம் யோசித்து, 'மிகத் தொன்மையானது' என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் 'இதுவரை உலகில் இல்லாதது' என்று எழுதினார். இரண்டையும் ஒரே குண்டூசியால் குத்தினார்.

பிறகு வந்தது கட்டளை. காப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேரும்வரை மூச்சுவிடக் கூடாது. வெளியே தெரிந்தால் புதுமை போச்சு, உரிமை போச்சு, ரூத்தின் பெயரும் போச்சு. ரூத் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்துக்குக் கட்டுப்படுகிற விசித்திரமான பழக்கம் அவருக்கு இருந்தது.

அடுத்த குப்பத்தில் அவருடைய அக்காவின் வலை கறுத்துக் கிடந்தது. அக்கா வந்து வழி கேட்டார். ரூத் வாய் திறக்கவில்லை. அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

பக்தவச்சலம் சும்மா இருக்கவில்லை. அந்த ரகசியத்தைப் பற்றி, அது என்னவென்று சொல்லாமலே, நான்கு கருத்தரங்கு நடத்தினார். கைதட்டல் பலமாகவே இருந்தது. ஐந்தாவதில், முதல் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த ரூத் எழுந்தார்.

"சார், ஆத்துல இறால் ஏறிட்ச்சு. வலைய வெட்டிப் போடப் போறேன்னு எங்கக்கா ஊர்ல சொல்லிகினு கீதாம். எப்ப சார் நான் வாயத் தொறக்கலாம்?"

"விண்ணப்பத்துல வரைபடம் ஒண்ணு பாக்கிம்மா. கொஞ்சம் பொறுங்க."

"யார்கிட்டேர்ந்து சார் இத்தக் காப்பாத்துறீங்க? வெளிநாட்டுக்காரன் ஒருத்தனும் வரல. கேட்டுகினு வந்தது எங்கக்கா மட்டுந்தான்."

அரங்கம் சிரித்தது. பக்தவச்சலம் சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, அக்காவின் குப்பம் எங்கே என்று ரூத்திடம் கேட்டார்.

நீங்களும் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். மீன்குழம்பில் என்ன போட்டீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, எல்லாவற்றையும் சொல்லி ஒன்றை மட்டும் விழுங்கியது யார்? ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவரிடம், 'போகப் போகப் புரியும்' என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக்கொண்டது யார்? உங்களுக்கு ஒரு மையமும் பெயர்ப்பலகையும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பக்தவச்சலம் பஜ்ஜிக் கடை எண்ணெய் ஒரு டின், மரத்தூள் ஒரு மூட்டை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் அந்த அக்காவின் குப்பத்துக்குப் போனார். நடுத்தெருவில் உட்கார்ந்து, வேடிக்கை பார்த்த அத்தனை பேருக்கும் முன்னால் வலையை ஊறப்போட்டு, தேய்த்து, அலசிக் காட்டினார். கண்டுபிடித்தது ரூத் என்று இரண்டு தடவை சொன்னார். விண்ணப்பம் அங்கேயே செத்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கல்லூரி முதல்வர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். பக்தவச்சலம் இன்றுவரை பதில் எழுதவில்லை.