மாத்தளையில் தொலையப் பழகியவர்

சொந்த ஊருக்குள் வழி தெரியாமல் நிற்பதற்கு எங்கள் டூரிஸ்ட் அண்ணன் பட்ட பாட்டை உலகத்தில் வேறு எந்த மனுஷனும் பட்டிருக்க மாட்டான். மாத்தளையில் பிறந்து, மாத்தளையில் படித்து, மாத்தளையிலேயே கல்யாணம் முடித்து, தலை நரைக்கிற வரைக்கும் அங்கேயே வேலை பார்த்த ஆள் அவர். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பையை நெஞ்சுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்று, "எக்ஸ்கியூஸ் மீ, வேர் இஸ் ரெயில்வே ஸ்டேஷன்?" என்று கேட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். நினைத்ததையெல்லாம் என்னிடம் வந்து சொன்னார்கள். எனக்குச் சும்மாவே நெஞ்சு படபடவென்று அடிக்கிற சுபாவம்.

நாங்கள் இரண்டு பேரும் திருகோணமலை வீதியில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற ஒரு கடையில் வேலை செய்தோம். ஸ்டோர் அவர் பொறுப்பு, பில் என் பொறுப்பு. அப்போது அவருக்கு டூரிஸ்ட் என்ற பட்டம் கிடையாது, ஸ்டோர் அண்ணன்தான். ஊரை விட்டு வெளியே போவதென்றால் அவருக்குப் பயம். கண்டி பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தினால் அடுத்த ஹோல்ட்டில் இறங்கிவிடுவார். எங்கள் முதலாளி ஹாஜியார் ஒரு தடவை அவரைத் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு அனுப்பிவைத்தார். மத்தியானம் எனக்கு போன் வந்தது.

"தம்பி, நான் எங்க நிக்கிறேன்னு தெரியல."

"பக்கத்துல என்னண்ணே இருக்கு?"

"லொறி."

"அதுக்கு அங்கிட்டு?"

"லொறி."

"லொறியில என்ன ஏத்தியிருக்கு?"

"கோவா."

"மத்ததுல?"

"அதுலயும் கோவாதான் தம்பி."

அந்தச் சந்தையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கோவா என்கிற முட்டைக்கோஸ்தான். கடைசியில் யாரோ ஒரு டிரைவர் இரக்கப்பட்டு அவரை மாத்தளையில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு ஹாஜியார் அவரை எங்கேயும் அனுப்பியதில்லை.

இந்த மனுஷனுக்குத்தான் கனடாவுக்குப் போகிற விதி வந்தது. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி அங்கே இருந்தாள். ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் இருந்து அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய் போய் நிற்பதுதான் நம்முடைய வழக்கம். அண்ணி அதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார். மருமகனுக்கும் தாய் இல்லை. "அப்பா, நீங்களாவது வாங்கப்பா" என்று மகள் போனில் சொல்லியிருக்கிறாள். இவரும் அந்த நேரத்து வேகத்தில் "வாரேன்மா" என்றுவிட்டார். போனை வைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மருமகன் விசா எடுத்து டிக்கெட்டும் அனுப்பிவிட்டார். நடுவழியில் ஒரு அரபு நாட்டில் இறங்கி வேறு பிளேன் ஏற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கராம்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு யோசனையோடு வந்தார்.

"தம்பி, வெளிநாடுன்னா என்ன?"

"என்னண்ணே?"

"நமக்குத் தெரியாத எடம். அவ்வளவுதானே. மாத்தளைய நமக்குத் தெரியாத எடமா ஆக்கிட்டா அங்க நடந்து பழகிக்கலாம்ல?"

"எப்பிடிண்ணே ஆக்குறது?"

"மறந்துடணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறதி தொடங்கியது. தமிழும் சிங்களமும் பேசக் கூடாது. தெரிந்த முகத்தைப் பார்த்தாலும் தெரியாத மாதிரி போக வேண்டும். யார் என்ன சொல்லிப் புரியாவிட்டாலும் "யெஸ், தேங்க் யூ" என்று சொல்ல வேண்டும். கண்ணாடியையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "அந்த அரபு நாட்டுல போர்டெல்லாம் அரபியில இருக்கும். வாசிக்க முடியாதுல்ல? அதுக்கு இப்பயே பழகணும்" என்றார். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வர வேண்டும், ஆபத்துக்கு மட்டும். கண்ணாடி இல்லாமல் ரோட்டைக் கடக்கிற ஆளுக்குப் பின்னால் நடந்து பாருங்கள், ஆபத்து என்றால் என்னவென்று தெரியும்.

முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரரிடம் போய் இங்கிலீஷில் வழி கேட்டார். கண்ணாடி இல்லாததால் அது பக்கத்து வீட்டுப் பையன் என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் பதறிப்போய், "மொகத மாமே, சனீப நெத்த?" என்று சிங்களத்தில் உடம்புக்குச் சரியில்லையா எனக் கேட்டான். இவர் "யெஸ், தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னேரத்துக்குள் கொங்காவெல வரைக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மகன், அந்த மனுசனுக்கு என்ன நடந்தீக்கி? பொஞ்சாதி மவுத்தானதுல மண்டையில ஏதும் கொழப்பமா?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல ஹாஜியார். பழகுறாரு."

"எதுக்கு பழகுற?"

விஷயத்தைச் சொன்னேன். ஹாஜியார் தாடியைத் தடவினார். "சரி, பழகட்டும். ரோட்டுல மட்டும் கவனமா பாத்துக்கொங்கொ" என்றார். அந்தப் பாரமும் என் தலையில் விழுந்தது.

விஷயம் தெரிந்ததும் ஊரே மாறிவிட்டது. ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டதும் "ஹலோ சேர், விச் கன்ட்ரி?" என்று சூழ்ந்துகொள்வார்கள். அவர் "நோ தேங்க் யூ" சொல்லிப் பழகுவார். ஒரு நாள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போகிற மூலிகைத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். அங்கே இருந்த வழிகாட்டி ஒரு கொடியைக் காட்டி, "சேர், திஸ் இஸ் பெப்பர்" என்றான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மிளகு மூட்டைக்கு நடுவில் தும்மிக்கொண்டிருந்தவர், குனிந்து முகர்ந்து பார்த்து "ஓ, வெரி நைஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நானும் மாத்தளையைப் பார்த்தேன். சுதுகங்கைக் கரையில் எனக்குத் தெரியாத சந்துகள் அத்தனை இருந்தன. மாரியம்மன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது. ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிற இடம் வரைக்கும் நடந்து போனோம். மாத்தளைக்கு அப்பால் ரயில் கிடையாது. அண்ணன் அந்த முடிவைப் பார்த்துக்கொண்டே நின்றார். விதியை மறந்து தமிழிலேயே சொன்னார்: "இதுக்கு மேல போக முடியாதுன்னு ரயிலுக்கே தெரியுது. நான் மட்டும் போகணுமாம்."

சுற்றி முடித்து நாங்கள் சாப்பிடப் போகிற கடையின் கேஷியர் கனடா இமிகிரேஷன் அதிகாரியாக நடிப்பார். பில் மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்து, "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?" என்பார். அண்ணன் நிமிர்ந்து நின்று, "மை டாட்டர்" என்று ஆரம்பிப்பார். அதோடு சரி. கண் கலங்கிவிடும். எத்தனை ஞாயிறு முயன்றும் அந்த வசனம் முடியவில்லை. கேஷியரே எழுந்து வந்து பால் போடாத பிளேன்டீ கொடுத்து அனுப்பிவைப்பார். அங்கேயும் இப்படி நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களே, அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று எனக்கு இரவில் தூக்கம் போனது.

புறப்பட ரெண்டு வாரம் இருக்கும்போது, பிளேன் மாறுவதற்கு ஒத்திகை வேண்டும் என்றார். மாத்தளையில் தனியாகப் பஸ் ஏறி, நடுவழியில் நாவுலயில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் தம்புள்ளைக்கு வர வேண்டும். நான் முன்னாலேயே போய்த் தம்புள்ளையில் நிற்க வேண்டும். தம்புள்ளைதான் கனடா.

"வேணாண்ணே. கோவா லொறிய மறந்துட்டீங்களா?"

"அதுக்குத்தான் தம்பி போறது."

நான் போய் நின்றேன். பஸ்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி முகம் முகமாகப் பார்த்தேன். அண்ணன் இல்லை. போன் அடித்தால் லைன் கிடைக்கவில்லை. மத்தியானம் போய்ப் பின்னேரமாயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விழுந்து கிடக்கிறாரா, அடிபட்டுவிட்டாரா என்று மனசு எங்கெங்கோ போனது. அதையெல்லாம் விட, கனடாவில் மாசமாக இருக்கிற அந்தப் பெண்ணுக்கு நான் போன் எடுத்து என்ன சொல்வது? அம்மாவும் போய், இருக்கிற ஒரு அப்பாவையும் ஒத்திகை பார்க்கவிட்டுத் தொலைத்துவிட்டேன் என்றா? பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நான்தான். பயப்படாத. என் போன்ல சார்ஜ் தீந்துடுச்சு. வில்கமுவ பக்கம் ஒரு வீட்டுல இருக்கேன்."

அவர் குரலில் பதற்றமே இல்லை. பதற்றமெல்லாம் என்னிடம் இருந்தது. "வில்கமுவயா? தம்புள்ளைக்கு வரச் சொன்னா அங்க எதுக்குண்ணே போனீங்க?" என்று கத்திவிட்டேன்.

நடந்தது இதுதான். நாவுலயில் இறங்கி ஒரு கண்டக்டரிடம் இங்கிலீஷில் அடுத்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்தக் கண்டக்டர் தொப்பியைப் பார்த்தான், முன்னால் மாட்டிய பையைப் பார்த்தான். இப்படி வருகிற டூரிஸ்ட்டுகள் எல்லாம் வஸ்கமுவ காட்டில் யானை பார்க்கத்தான் வருவார்கள். "எலிஃபன்ட், சேர்?" என்று கேட்டிருக்கிறான். இவர் வழக்கப்படி, "யெஸ், தேங்க் யூ." பாவம், நல்ல மனசுக்காரன், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் காட்டுப் பக்கம் போகிற வில்கமுவ பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரவைத்திருக்கிறான். கண்ணாடி இல்லாததால் போர்டு தெரியவில்லை. வெளியே காடும் வயலும் புதிது புதிதாக வரவர, வெளிநாடு இப்படித்தான் இருக்கும் என்று அண்ணன் திருப்தியாக உட்கார்ந்திருக்கிறார். இறங்கினால் திரும்பிவரப் பஸ் இல்லை, ரோட்டில் நிஜமாகவே யானை. ஒரு விவசாயி தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

மறுநாள் ஒரு டிராக்டரிலும் ரெண்டு பஸ்ஸிலுமாக மாத்தளை வந்து சேர்ந்தார். கையில் பெரிய பூசணிக்காய் ஒன்று. அதை ஸ்டோரில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். பூசணிக்காயைத் துண்டில் சுற்றி, இடது கை முழுக்கத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற மாதிரி காட்டினார்.

"இப்பிடித்தான் தம்பி. தலையத் தாங்கிக்கணும். மூக்குக்குள்ள தண்ணி போகக் கூடாது."

"என்னண்ணே இது?"

"பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுறது. அந்த வீட்டு அம்மா சொல்லிக் குடுத்துச்சு. இங்க எந்தப் பொம்பளகிட்டயாவது நான் இதக் கேக்க முடியுமா? சிரிப்பாங்க. அங்க என்ன யாருக்குத் தெரியும்? சிங்களத்துல வெக்கமில்லாமக் கேட்டுட்டேன். புள்ள பெத்தவளுக்கு என்ன குடுக்கணும், என்ன குடுக்கக் கூடாது, எல்லாம் கேட்டேன்."

பூசணிக்காயை மடியில் வைத்துத் துண்டை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார்:

"பிளேனுக்குப் பயந்தேன்னு நீங்கள்லாம் நெனச்சீங்க. பிளேனு என்ன செய்யும் தம்பி. புள்ளையப் பெத்துட்டுக் கண்ண முழிக்கிறவ, பக்கத்துல அம்மாவத் தேடுவா. அங்க நான் போய் நின்னா அவளுக்கு எப்பிடி இருக்கும்? அத நெனச்சுத்தான் எனக்குச் சோறு எறங்கல."

நானும் துண்டை வாங்கிப் பூசணிக்காயைக் குளிப்பாட்டிப் பார்த்தேன். நான் தலையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டினார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த ஹாஜியார் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். "கண்ணாடியப் போட்டுக்குங்கண்ணே" என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஒரு நாள் முழுக்க நான் போனைக் கீழே வைக்கவில்லை. "வந்து சேந்துட்டேன் தம்பி. இமிகிரேஷன்ல ஒரு அம்மா பர்ப்பஸ் கேட்டா, அழுதுட்டேன். டிஷூ குடுத்து உள்ள விட்டுட்டா" என்று தகவல் வந்தது. பிறகு பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்டதும் ஹாஜியார் கடையில் எல்லாருக்கும் இனிப்பாக வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்ப அழைத்தார்.

"விசாவ நீட்டலாம்னு மருமகன் சொல்றாரு. மகளும் இருங்கப்பாங்கிறா. அவ வேலைக்குப் போனா புள்ளையப் பாக்க ஆள் இல்ல. அம்மா இருந்தாக்கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டாங்கன்னு நேத்துச் சொன்னா தம்பி. நான் என்ன செய்ய?"

வாங்கண்ணே என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. ஸ்டோர் நாறிப்போய்க் கிடக்கிறது, புதுப் பையனுக்குக் கராம்பையும் காம்பையும் பிரிக்கத் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை என்றெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன்.

"இருங்கண்ணே" என்றேன். "புள்ளைக்கு நீங்கதான் வேணும். இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது."

"நீ சொன்னாச் சரி தம்பி" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அன்றைக்கு நான் மட்டும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், தண்டவாளம் முடிகிற இடத்தில் பொழுது சாய்கிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.