நாடகத்தில் வந்த புருஷன்

ஒழுகும் குளியலறைக் குழாயின் கழுத்தில் மனைவியின் பழைய ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜருக்கு அது உறைத்தது.

"என்னங்க, பிளம்பரைக் கூப்பிட்டா என்ன கொறஞ்சா போயிடும்?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"எதுக்கு? இதோ, ரெண்டே நிமிஷம்!"

சொன்ன வாய் அப்படியே திறந்து நின்றது. அவர் படித்த நாடகத்திலும் இதே வசனம். இதே குழாய். ரிப்பன்கூட இதே ரிப்பன்.

அவர் வேலை பார்த்த நாடகக் குழு, வரும் சீசனில் நான்கு புது நாடகங்களை மேடையேற்றப் போவதாக அறிவித்திருந்தது. வேண்டியவர்கள் எழுதியதையே போடுகிறார்கள் என்ற பேச்சை ஒழிக்க மேனேஜரே ஒரு விதி கொண்டுவந்திருந்தார். பிரதியில் பெயர் இருக்கக் கூடாது. முதல் நாள் நாடகம் முடிந்ததும், எழுதியவர் தாமாகவே மேடையேறித் தம்மை அறிவிக்க வேண்டும். வந்து குவிந்த பிரதிகளில் 'இதோ, ரெண்டே நிமிஷம்' என்ற நகைச்சுவை நாடகத்தைப் படித்துவிட்டு, நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தவர் அவர்தான். "சீசனே இதுலதான் ஆரம்பிக்கணும்" என்று மேஜையைத் தட்டியவரும் அவர்தான்.

வீட்டில் எது கெட்டாலும் தானே சரிசெய்து, அதை நிரந்தரமாகக் கெடுத்துவைக்கும் ஒரு புருஷனின் கதை அது. கல்யாண நாளுக்கு அவன் மனைவிக்கு டிரில்லிங் மெஷின் வாங்கித் தருகிறான்.

போன கல்யாண நாளுக்கு மேனேஜர் வாங்கித் தந்ததும் அதுதான்.

ரிப்பனை விட்டுவிட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தார். மனைவி சாதுவாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு குறை சொல்லாதவள். எப்படிச் சொல்வாள்? எல்லாவற்றையும் நாடகமாக அல்லவா சேர்த்துவைத்திருக்கிறாள்! ஊர் சிரிக்கப்போவதுகூடப் போகட்டும். இவள் மனசில் நம் இடம் இவ்வளவுதானா என்பதுதான் அவரை அரித்தது.

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டு, அவள் 'ஆமாம்' என்றுவிட்டால்?

கேட்காமலேயே காரியத்தை முடிப்பதென்று அவர் டைரக்டரின் அறைக்குப் போனார். அங்கே மின்விசிறி காற்றையெல்லாம் கூரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டைரக்டர் தாமே கழற்றி மாட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

"முதல் நாடகத்தை மாத்திடலாம் சார். கொஞ்சம் வீக்கா தெரியுது."

"நீங்கதானய்யா அதைப் படிச்சிட்டுக் கீழ விழுந்து சிரிச்சீங்க?"

"அது நாற்காலிக் கோளாறு சார்."

"நாற்காலியா? நானே ஆணி அடிச்சது. கோளாறு வர வாய்ப்பே இல்ல."

மேனேஜர் வழியை மாற்றினார். "சரி, அந்த டிரில்லிங் மெஷினையாவது எடுத்துடலாம். நம்புற மாதிரி இல்ல. எந்த மனுஷன் பொண்டாட்டிக்கு அதைப் போய் வாங்கித் தருவான்?"

டைரக்டர் மோவாயைத் தடவினார். "எனக்கும் உறுத்திச்சு. வெறும் மெஷினைக் குடுத்தா எப்படி? உசரத்துல ஓட்டை போட ஏணி வேணாமா? அடுத்த வருஷம் ஏணி வாங்கித் தர்றான்னு ஒரு சீன் சேர்த்துடுவோம்!"

மேனேஜருக்கு வியர்த்தது. வரப்போகும் கல்யாண நாளுக்கு ஓர் ஏணிக்குச் சொல்லிவைத்திருந்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டைரக்டரின் மனைவி வந்தாள். காதுப்பக்கம் கம்பி சுற்றிய மூக்குக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். "இன்னிக்கும் மறந்துட்டு வந்துட்டீங்க." தலைக்கு மேலே சுற்றும் விசிறியை ஒரு கணம் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாடகத்தைத் திருத்த முடியாவிட்டால் தன்னைத் திருத்திக்கொள்வது என்று மேனேஜர் முடிவுசெய்தார். மறுநாள் வீட்டுக்குப் பிளம்பர் வந்தார். அவர் பின்னாலேயே எலக்ட்ரீஷியன். மனைவி மனம் குளிர்ந்து, மேடையேறாமல் இருந்துவிடுவாள் என்பது கணக்கு.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னங்க, டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே, நான் எந்த டாக்டர்கிட்டப் போனேன்?"

"பின்ன எதுக்கு எல்லாத்தையும் ஒரே நாள்ல சரிபண்றீங்க? எங்கயோ போகப்போற மனுஷன் மாதிரி?"

"உன்னை இத்தனை நாள் கஷ்டப்படுத்திட்டேன்மா" என்றார் மேனேஜர் தழுதழுத்து.

அன்று மாலையே மனைவியின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். "தம்பி, எந்த வியாதியா இருந்தாலும் எங்ககிட்ட மறைக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அக்காவும் தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாம் தெம்பாக இருப்பதைக் காட்ட, வேலைமேல் ஆர்வமாக இருப்பதுபோல நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. "அப்ப நானும் முதல் காட்சிக்கு வரேன், முன்வரிசையில எடம் போடுங்க" என்றாள் அக்கா.

கடைசி வழியாக மேனேஜர் ஒத்திகைக்குப் போய், புருஷனாக நடிக்கும் நடிகரை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, அந்த ஆளு முட்டாள் இல்லப்பா. எல்லாம் பாசத்துல செய்யறான். குழாயில ரிப்பன் கட்டுறப்ப முகத்துல அந்தப் பாசம் தெரியணும்."

"எப்படி சார்?"

மேனேஜர் ரிப்பனை வாங்கினார். குழாயைக் குழந்தையைப்போலத் தடவினார். முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டே திரும்பி, "இதோ, ரெண்டே நிமிஷம்!" என்றார்.

அறையே வெடித்துச் சிரித்தது. விளக்குப் போடுபவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நடிகர் கும்பிடு போட்டார். "இதுக்கு மேல நான் என்ன சார் நடிக்க?"

"நீங்களே நடிங்கய்யா! நம்ம நாடகத்தைக் காப்பாத்துங்க!" என்று டைரக்டர் அவரைக் கட்டிக்கொண்டார்.

மேனேஜர் தலையைத் தலையை ஆட்டி மறுத்தார். பாத்திரத்தில் ஊறிவிட்டார் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

முதல் காட்சியன்று அரங்கு நிரம்பி வழிந்தது. தப்ப வழியில்லாமல் மேனேஜர் தம் சொந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு மேடையில் ஆணி அடித்தார், அலமாரியைச் சாய்த்தார், மின்சாரத்தைப் போக்கினார். டிரில்லிங் மெஷின் காட்சியில் முதல் சிரிப்பு முன்வரிசையிலிருந்து வந்தது. மனைவியின் சிரிப்பு. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஏணிக் காட்சியில் மேடையோரத் திரை மறைவில் நின்றிருந்த டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார்.

"என்னா ஆளுய்யா! இவனைக் கட்டிக்கிட்டவ பாவம்!" என்றார் அவர்.

நாடகம் முடிந்தது. கைதட்டல் ஓய்ந்து, எழுதியவர் மேடையேறுவதற்காக அரங்கு காத்திருந்தது. முன்வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். நன்றாகப் பார்ப்பதற்காகத்தான். ஆனால் மேனேஜருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மேடை விளிம்புக்கு ஓடிவந்தார்.

"நீ வர வேணாம்மா, நானே சொல்லிடறேன்! இதை எழுதினது என் பொண்டாட்டிதான். அந்தப் புருஷன் நான்தான். மெஷின் வாங்கித் தந்ததும் நான்தான். என்னை மன்னிச்சிடு. ஏணியை வேணாம்னு சொல்லிடறேன்!"

பக்கத்தில் இருந்த அக்காவும் எழுந்துவிட்டாள்.

"எந்த ஏணி?" என்றாள் அக்கா.

"என்னங்க உளர்றீங்க?" என்று மனைவி அங்கிருந்தே கத்தினாள். "நான் எங்க நாடகம் எழுதினேன்? எனக்கு அந்த மெஷின் ரொம்பப் பிடிக்கும். நீங்க ஆபீஸ் போனதுக்கப்புறம், நீங்க பண்ணின ரிப்பேரையெல்லாம் அதை வெச்சுதானே நான் சரிபண்றேன்! ஏணியும் வாங்குங்க, பரண்ல வேலை கெடக்கு!"

இரண்டாம் முறையாக அரங்கு அதிர்ந்தது. மேனேஜருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊர் முன்னால் மானம் போயிருந்தது. ஆனால் மனைவியின் மனசில் தம் இடம் எது என்ற கவலை மட்டும் சட்டென்று தீர்ந்துபோயிருந்தது.

"அப்ப எழுதினது யாரு?" என்று அரங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மேடையின் பக்கவாட்டுப் படியில் யாரோ நிதானமாக ஏறிவந்தார்கள். டைரக்டரின் மனைவி. கையில், கணவர் இன்றும் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி.

"நீயா!" திரை மறைவிலிருந்து ஓடிவந்த டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பலமாகக் கைதட்டினார். "என் பொண்டாட்டிய்யா! என் பொண்டாட்டி எழுதினது! இப்படி ஒரு மடப்பயலை எங்கேருந்துதான் பிடிச்சாளோ!"

அவள் மக்களைப் பார்த்துக் கும்பிட்டபடியே, பக்கத்தில் கூனிக் குறுகி நின்ற மேனேஜரிடம் மெல்லச் சொன்னாள்:

"நீங்க எதுக்குண்ணா மன்னிப்புக் கேக்கறீங்க? கேக்க வேண்டியவரு இன்னும் கைதட்டிக்கிட்டு இருக்காரு."